கர்ப்பகாலத்தில் பிபி: எங்கள் வீடுகளில் பார்த்தது

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு அண்ணி:

என் சின்ன நாத்தனாருக்கு அவள் புகுந்த வீட்டில் வளைகாப்பு. போன மாதம் அளவு பார்த்து வாங்கிய கண்ணாடி வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. சோப்பு நுரை தடவிப் பார்த்தும் ஏறவில்லை. "மாசமா இருந்தா நீர் கோக்கத்தான் செய்யும், பார்லிக் கஞ்சி குடு" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு அவள் முகம்தான் உறுத்தியது. இமை இரண்டும் உப்பியிருந்தன, காலையிலிருந்து தலைவலி என்றும் சொன்னாள். பந்தி முடியும்வரைகூடக் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். பிபி 150/100, சிறுநீரில் புரதம். உடனே 108-ஐ வரவழைத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள்.

அங்கே டாக்டர், "அம்மாவுக்கோ அக்காவுக்கோ பிரசவத்தில் பிபி, வலிப்பு வந்திருக்கா?" என்று கேட்டார். அப்போதுதான் என் மாமியார் வாயைத் திறந்தார். தலைப்பிரசவத்தில் அவருக்கு ஜன்னி கண்டிருக்கிறது. காற்றுச் சேட்டை என்று மந்திரித்ததோடு சரி, அப்புறம் வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. பெண் கொடுத்த இடத்துக்குத் தெரிந்தால் குறையாகிவிடுமே என்ற பயம். கர்ப்பத்தைப் பதிவு செய்தால் அரசு தருகிற பிக்மி எண்ணுக்குப் பதிவு செய்தபோது நர்ஸம்மாவும் இதையேதான் கேட்டிருக்கிறார். பக்கத்தில் அவளுடைய மாமியார் நின்றதால் இவள் "அப்படி ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டாள்.

குழந்தை நாள் ஆகுமுன்பே பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் இருந்து தேறினான். இரண்டு பேரும் நலம். ஆனாலும் அந்த ஒரு பதிலை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மன்னார்குடியிலிருந்து, ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்:

அண்ணி சொல்வதை நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். 20 வாரத்துக்குப் பிறகு பிபி 140/90-ஐத் தொட்டால் அலட்சியமே கூடாது. முன்பிரசவத்தில் இது வந்தவர்கள், முன்பே பிபி, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். தலைப்பிள்ளை, 35-ஐத் தாண்டிய வயது, அதிக உடல் எடை, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்த வரலாறு, இவையும் சேரச் சேரக் கவனம் கூட வேண்டும். இதை முதல் பதிவிலேயே கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆபத்து உள்ளவர்களுக்கு இதைத் தடுக்க டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார். அதை 12 வாரத்துக்குப் பிறகு, 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஏழாம் மாதம் உண்மை வெளியே வந்தால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. தானாக வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை, டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

உப்பை அறவே நிறுத்தினால் இது வராது என்று நம்பி, பிள்ளைத்தாச்சிக்கு உப்பில்லாத கஞ்சி ஊற்றுகிறார்கள். அதனால் இது தடுக்கப்படுவதில்லை, பாவம், அவளால் சாப்பிடத்தான் முடியாமல் போகிறது. கொடுக்கிற கால்சியம் மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள்.

மாமியார் பக்கத்தில் நின்றால் சொல்ல முடியவில்லையா? நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நான் பல பேரைக் கொல்லைப்புறம் அழைத்துப்போய்த்தான் கேட்டிருக்கிறேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தாய்:

மூத்தவளுக்கும் இளையவனுக்கும் பத்து வருஷத்துக்கு மேல் இடைவெளி. எனக்குப் பிபி ஏறியதற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை, ஏனென்றால் மாசமா இருந்தவரைக்கும் பிபி சரியாகவே இருந்தது. பிரசவமாகி வீட்டுக்கு வந்த பிறகு ஏறியது. கண்முன் பூச்சி பறந்தது, மேல்வயிறு இறுக்கிப் பிடித்தது. பத்தியச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா ஓமத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தார், என் கணவர் வண்டியை எடுத்துவிட்டார். வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஊசி போட்டார்கள். பிள்ளை பிறந்து ஆறு வாரம்வரை இது வரலாமாம். அதனால் பிரசவத்துக்குப் பிறகும் பிபி பார்ப்பதை விட்டுவிடாதீர்கள், தீட்டு என்று வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்தாலும் நர்ஸை வீட்டுக்கு வரச்சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.