லம்பர்: வெட்டுமரமா, அறுமரமா, அரிமரமா?

அன்பின் நண்பர்களுக்கு,

கனடாவின் மர ஏற்றுமதி விதிகளைத் தமிழாக்கத் தொடங்கி மூன்றாம் பக்கத்திலேயே நிற்கிறேன். 'லம்பர்' (ஆலையில் அரிந்தெடுத்த மரம்) என்பதற்கு 'மரம்' போதும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். போதாது. அந்நாட்டு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் மரக்குற்றி ஓர் உருப்படி (5101), ஊசியிலை மரத்தில் அரிந்தெடுத்தது வேறோர் உருப்படி (5104). பிரிட்டிஷ் கொலம்பியாக் குற்றியென்றால் முதலில் உள்நாட்டு ஆலைகளுக்கு விளம்பரம் செய்ய வேண்டும். நியாயமான விலைக்கு யாரும் கேட்காவிட்டால்தான் உள்நாட்டுத் தேவைக்கு மிகை என்று கணக்காகி வெளியே போகலாம். அரிந்த மரத்துக்கு அந்தச் சோதனை இல்லை. ஆனால் அமெரிக்காவுக்குப் போவதென்றால் பேமிட் (ஏற்றுமதி அனுமதி) வேண்டும். ஊசியிலை மரம் பற்றிக் கனடாவும் அமெரிக்காவும் செய்த 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை 2015 அக்டோபரில் காலாவதியான பிறகும், எவ்வளவு போகிறது என்று கண்காணிக்க அந்தப் பேமிட்டை வைத்துக்கொண்டார்கள். இரண்டையும் 'மரம்' என்று எழுதினால் வாசிப்பவர் தவறான படிவத்தைத்தான் நிரப்புவார்.

'வெட்டுமரம்' எனக்குச் சரிவரவில்லை. இலங்கையில் எங்கள் பக்கம் மரம் வெட்டுவது காட்டில், அரிவது மரக்காலையில் (மரம் அரிந்து விற்கும் இடம்). வாழைச்சேனைப் பக்கம் ஒரு மரக்காலைக்குப் போய் வெட்டின மரம் எங்கே என்று கேட்டால், முற்றத்தில் பட்டையோடு கிடக்கும் முதிரைக் குற்றியைத்தான் காட்டுவார்கள். 'பலகை'யும் ஒத்துவராது, கூரைக்குப் போடும் தீராந்தியும் கைமரமும் பலகையா?

தமிழ்நாட்டு நண்பர் தந்த 'அறுமரம்' இலக்கணப்படி சரி. ஆனால் அறுசுவை, அறுமுகம் என்று பழகின கண்ணுக்கு அது ஆறு மரமாகவே தெரிகிறது.

நான் சொல்வது 'அரிமரம்'. இங்கே 'மரம் அரியும் ஆலை' என்பது பழகின பேச்சு, புதிதாக யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. (அரி என்றால் சிங்கம், திருமால் என்று தயவுசெய்து யாரும் தொடங்க வேண்டாம்.) வினைத்தொகை காலம் காட்டாதே, இனி அரியப்போகும் குற்றியையும் அது குறிக்காதா என்று நம் குழுவில் ஐயா ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். ஊறுகாய் என்றதும் மரத்தில் தொங்கும் மாங்காயை யாராவது நினைக்கிறோமா?

'சொஃப்ட்வுட்' என்பதை 'மென்மரம்' ஆக்க வேண்டாம். அது ஊசியிலை மரங்களைக் குறிப்பது, மென்மையை அல்ல. பல்சா மரத்தை நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். ஆனாலும் தாவரவியலில் பல்சா வன்மரப் பிரிவு. ஆகவே ஊசியிலை அரிமரம்.

மிச்சம் இருப்பது 'பேமிட்'. நம்மிடம் லைசென்சும் அனுமதிப்பத்திரம், பேமிட்டும் அனுமதிப்பத்திரம். வீட்டு வேலைக்குத் தீராந்தி ஏற்றி வந்த நாளில், சோதனைச்சாவடியில் அனுமதிப்பத்திரம் கேட்டார்கள். லொறிக்காரத் தம்பி தன் சாரதி அனுமதிப்பத்திரத்தை நீட்டினான். "உங்கட இல்ல தம்பி, மரத்துட!" மரத்தினுடையது என் சட்டைப்பையில், வியர்வையில் ஊறி, லொறி இலக்கம் இருந்த இடம் நீலக் கறையாகக் கிடந்தது. அரை மணித்தியாலம் வெயிலில் நின்றோம்.

தொழில் செய்ய ஆளுக்குக் கொடுப்பது அனுமதிப்பத்திரமாகவே இருக்கட்டும். சுமைக்குச் சுமை எடுப்பதை 'இசைவுச்சீட்டு' என்போம். ஆக, 'ஊசியிலை அரிமர ஏற்றுமதி இசைவுச்சீட்டு'. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். யாராவது குறுக்கித் தந்தால் நாலாம் பக்கத்துக்குப் போய்விடுவேன்.