விதவைகள் உதவிப் பட்டியலில் ஒரு தெருவே இல்லை, கமிட்டியில் எப்படிப் பேசுவது?

தெற்குத்தெரு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது, ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தத் தடவைதான் முதன்முதலாக சேகர கமிட்டிக்கு, அதாவது சபை நிர்வாகக் குழுவுக்கு வந்திருக்கிறேன். அறுப்பின் பண்டிகை என்கிற அறுவடைத் திருவிழா ஏலத்தில் வருகிற பணத்தில் ஒரு பங்கை விதவைகளுக்கு மாதாமாதம் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த நோட்டைப் புரட்டினேன். 23 பேர், தெற்குத் தெருவில் இருந்து ஒரு பெயர்கூட இல்லை. அங்கே ஆறு விதவைகள் இருக்கிறார்கள், அதில் ஒரு பாட்டி ஞாயிறுதோறும் பிடியரிசியை (கைப்பிடி கைப்பிடியாக எடுத்துவைத்த காணிக்கை அரிசியை) பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் கொட்டிவிட்டு, காலி பாட்டிலை முந்தானையில் துடைத்து எடுத்துப் போவார். கேட்டால், "யாரும் மனு கொடுக்கவில்லையே" என்கிறார் செயலாளர் அண்ணன். எங்கள் பக்கம் தெரு என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். நான் வாய் திறந்தால் சாதி அரசியல் பண்ணுகிறான் என்பார்கள். வேதத்தின்படி இதை எப்படிக் கொண்டுபோவது? ஜெபியுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பழைய டி.சி. (திருமண்டல கவுன்சில்) மெம்பர்:
தம்பி, உங்கள் பிரச்சினை அப்படியே வேதத்தில் அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசின விதவைகளை அன்றாட விசாரணையில் (தினசரி உதவிப் பங்கீட்டில்) விட்டுவிட்டார்கள், முறுமுறுப்பு வந்தது. பன்னிரண்டு அப்போஸ்தலரும் என்ன செய்தார்கள்? முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை, மனு எங்கே என்று கேட்கவில்லை, சபையையே கூட்டிவிட்டார்கள். நீங்களே நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். அந்த ஏழு பெயரையும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, ஏழும் கிரேக்கப் பெயர். யாருடைய விதவைகள் விடுபட்டார்களோ அந்தப் பக்கத்து ஆட்கள் கையிலேயே பந்தி விசாரணையைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பிரசங்கத்தில் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆறு பெயரைச் சேர்க்கச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பட்டியல் எழுதுகிற குழுவில் தெற்குத் தெருவில் இருந்து இரண்டு பேர் வேண்டும் என்று கேளுங்கள்.

பொருளாளர்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் கணக்கும் கூடவே மாற வேண்டும். எருசலேமுக்கான தர்மப்பணத்தைச் சேர்க்கக் கொரிந்துவுக்கு ஆள் அனுப்பும்போது அப்போஸ்தலர் பவுல் தன் ஆள் ஒருத்தரை மட்டும் நம்பி அனுப்பவில்லை. தன் உடன் ஊழியர் தீத்துவோடு வேறு இரண்டு பேரை அனுப்பினார், அதில் ஒருவரைச் சபைகளே நியமித்தன (2 கொரிந்தியர் 8). யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். எங்கள் சபையில் காணிக்கையை இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த ஞாயிறு போர்டில் ஒட்டுகிறோம். இதை ஆரம்பித்த புதிதில் "எங்களை நம்பவில்லையா" என்று பெரியவர்கள் ரொம்பக் கோபப்பட்டார்கள், இப்போது போர்டில் ஒட்ட நேரமானால் அவர்களே வந்து கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
தம்பி, கூட்டத்தில் எடுத்த எடுப்பில் போட்டு உடைக்காதீர்கள். முதலில் ஐயரை, அதாவது நம் குருவானவரைத் தனியாகப் பாருங்கள். சில வருஷத்துக்கு ஒரு தடவை மாறுகிறவர், பல விஷயம் அவர் காதுக்கே போயிருக்காது. பாட்டி வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம், 1 தீமோத்தேயு 5-ஐயும் பாருங்கள். விதவைகளைப் பட்டியலில் சேர்க்க வயது அறுபதுக்குக் குறையக் கூடாது, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்கள் பார்க்க வேண்டும் என்று பவுலே விதி சொல்லியிருக்கிறார். அறுபதையே பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. விதி என்று ஒன்று எழுதிவைத்துவிட்டால் அது எல்லாத் தெருவுக்கும் ஒன்றுதான், செயலாளருக்குப் பிடித்தவர் பிடிக்காதவர் என்று பார்க்க முடியாது. அந்த ஆறு பேர் பெயரையும் சபை நடுவே வாசித்துவிடாதீர்கள் ராஜா, அவர்களுக்கும் மானம் மரியாதை உண்டு.

தெற்குத்தெரு:
அக்கா சொன்னபடியே ஐயரைப் பார்த்தேன். மாதாமாதம் அந்த நோட்டில் கையெழுத்துப் போடுகிறார், ஆனால் எந்தத் தெரு என்று பார்த்ததில்லை என்று வருத்தப்பட்டார். நேற்றுச் சாயங்காலம் பாட்டி வீட்டுக்கு இருவருமாகப் போனோம், கட்டிலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், வரும்போது ஒன்றும் பேசவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம், முதல் பொருளே இதுதான் என்று சொல்லிவிட்டார். அண்ணன் சொன்ன இரண்டு பேரைத் தேடுகிறேன், ஒருவராவது பெண்ணாக இருந்தால் நல்லது என்று படுகிறது. பெயர்களை வாசிக்க மாட்டேன் அக்கா, பையில்தான் இருக்கும்.