பள்ளிக்கூட வாசலில் உள்ள டீக்கடையில் சிகரெட் புகை: எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது?

திருச்சி_பெற்றோர்:
தொடக்கப்பள்ளி கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதை ஒட்டியே பேருந்து நிறுத்தம். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நிற்கிற இடத்தில்தான் நாலைந்து பேர் நின்று புகைக்கிறார்கள். கடையில் சிகரெட், பீடி சில்லறையாகக் கிடைக்கிறது. “ரோடு திறந்தவெளி, சட்டம் செல்லாது” என்கிறார் கடைக்காரர். பெற்றோர் சேர்ந்து மனு எழுதப் போகிறோம். எந்தப் பிரிவு, யாரிடம்? பள்ளி வேனுக்குள் டிரைவர் புகைப்பதையும் இதில் சேர்க்கலாமா?

மனு_உதவி:
இதில் இரண்டு தனித்தனிக் குற்றங்கள் இருக்கின்றன. ஒரே மனுவில் கலந்து எழுதினால் “விற்பனை விஷயம் அவங்க பாக்கணும், புகைக்கிறது இவங்க பாக்கணும்” என்று மனு மேசை மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாகவே எழுதுங்கள்.

முதல் மனு புகைப்பதைப் பற்றி. 2003ஆம் ஆண்டு சிகரெட் மற்றும் புகையிலைப் பொருட்கள் சட்டம் (கோட்பா), பிரிவு 4. திறந்தவெளி என்ற வாதம் இங்கே நிற்காது. சட்டம் திறந்தவெளியை விலக்குவது உண்மைதான். ஆனால் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகள், பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் போன்றவற்றைத் திறந்தவெளிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கின்றன. டீக்கடைக்கும் அதே விதிகளில் விடை இருக்கிறது. உண்ணவோ குடிக்கவோ கொடுக்கும் கடை என்றால் அதைச் சுற்றியுள்ள திறந்த இடமும் கடையோடு சேர்த்தி. கடை வாசலில் டீ கிளாஸோடு நின்று புகைப்பவரும் இதற்குள் வருவார். வேன் பொதுப் போக்குவரத்து வாகனம், அதுவும் பிரிவு 4தான். பதிவெண், தேதி, நேரம் எழுதி, நகல் ஒன்றைப் பள்ளி நிர்வாகத்துக்கும் கொடுங்கள்.

இரண்டாவது மனு விற்பனையைப் பற்றி, பிரிவு 6. 18 வயதுக்குக் கீழானவருக்கு விற்பது ஒரு குற்றம். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் யாருக்கு விற்றாலும் குற்றம். டீக்கடையை மூடச் சொல்லிக் கேட்காதீர்கள். சட்டம் தடுப்பது புகையிலை விற்பனையை மட்டும்தான். அதிகமாகக் கேட்டால் கடைக்காரர் பிழைப்பு என்ற பேச்சு முன்னுக்கு வந்து மனு பின்னுக்குப் போய்விடும்.

பிள்ளையின் கையிலேயே சிகரெட்டைக் கொடுத்தால் விஷயம் வேறு. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77: 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்கு நேரே காவல் நிலையம், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098.

மஞ்சள்_கோடு:
மேலே சொன்னதோடு சில நடைமுறை விஷயங்கள். 100 கஜம் என்றால் 91.4 மீட்டர். பள்ளியின் சுற்றுச்சுவரிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். கேட்டிலிருந்து நடக்கும் தூரம் கணக்கில்லை. சாலை வளைந்து போனால் நடந்து 120 மீட்டர் வரும் கடைகூட நேர்கோட்டில் உள்ளே விழும். போனில் கூகுள் மேப்பைத் திறந்து, சுவரின் ஓரத்தை அழுத்திப் பிடித்து, தூரம் அளக்கும் வசதியில் கடை வரை இழுத்து, அந்தப் படத்தை மனுவோடு இணையுங்கள். “பள்ளி அருகில்” என்று மட்டும் எழுதிய மனுவைத் தள்ளிவிடுவது சுலபம். புகைப்படம் எடுத்தால் பிள்ளைகள் முகம் விழாதபடி எடுங்கள்.

பள்ளி வளாகத்துக்குள் பிரிவு 4 அபராதம் விதிக்கத் தலைமை ஆசிரியருக்கும் ஆசிரியர்களுக்கும் அதிகாரம் உண்டு. வெளியே அது செல்லாது. அங்கே உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவலர், சுகாதார ஆய்வாளர், மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவு அலுவலர் ஆகியோரிடம் போங்கள். 100 கஜ எல்லையில் மஞ்சள் கோடு போட வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் புகையிலையில்லாக் கல்வி நிறுவன வழிகாட்டுதல்களில் இருக்கிறது. கோடு இல்லையென்றால் மனுவில் அதையும் கேளுங்கள். சாலையில் கோடு இருந்தால் தூரத்தைப் பற்றிய சண்டையே எழாது.

அபராதம் 200 ரூபாய் வரைதான், மிகக் குறைவு. ஆனால் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. பொது இடத்தில் யாரோ புகைப்பதாகப் புகார் வந்தும் பொறுப்பாளர் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை குற்றங்களுக்கும் அவரே கட்ட வேண்டும். ஆகவே முதலில் கடைக்காரருக்கே தேதியிட்ட கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால்.

கடையில் அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்றும் பாருங்கள். 60க்கு 30 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி, ஒவ்வொரு வாசலிலும். புகார் யாரிடம் சொல்வது என்ற பெயர் அதில் இருக்க வேண்டும். பெரும்பாலான பலகைகளில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

திருச்சி_பெற்றோர்:
மிக்க நன்றி. கடையில் லைட்டர் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதையும் எழுதலாமா? இன்னொன்று, வீட்டிலும் காரிலும் பிள்ளைகள் முன்னால் புகைப்பவர்களுக்கு ஏதாவது சட்டம் உண்டா?

குழந்தை_நலம்:
லைட்டரைக் கட்டாயம் எழுதுங்கள். பொது இடத்தில் ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் வைக்கக் கூடாது என்பது அதே 2008 விதிகளில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டாலே கடை முன் நின்று பற்றவைப்பவர்கள் குறைவார்கள்.

வீட்டுக்குள்ளும் சொந்தக் காருக்குள்ளும் கோட்பா வராது. இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இது, ஏனென்றால் சிறு பிள்ளைகள் அதிகம் புகை வாங்குவது வீட்டில்தான். இங்கிலாந்தில் 2015 அக்டோபர் 1 முதல், 18 வயதுக்குக் கீழானவர் இருக்கும் மூடிய காரில் புகைத்தால் 50 பவுண்டு அபராதம். புகைத்தவருக்கு மட்டுமல்ல, தடுக்காத ஓட்டுநருக்கும். ஜன்னலை இறக்கிவிட்டேன் என்பது அங்கே செல்லாது. நம் ஊரிலும் அப்படி ஒன்று வர வேண்டும்.

ஜன்னலைத் திறப்பது, ஃபேன் போடுவது, பால்கனிக் கதவருகே நின்று புகைப்பது எதுவும் பிள்ளையைக் காப்பாற்றாது. பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவார்கள், மூச்சுக்குழாயும் சிறியது. அதனால்தான் ஆஸ்துமா இழுப்பு, காதில் சீழ், நெஞ்சுச்சளி என்று திரும்பத் திரும்ப வரும். கைக்குழந்தைக்குத் தூக்கத்திலேயே திடீர் மரணம் நேரும் அபாயமும் கூடும். வீட்டுக்கு வெளியே, கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் புகைப்பது ஒன்றுதான் ஓரளவு உதவும். விட நினைப்பவருக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது.

அடுக்கக லிஃப்ட், படிக்கட்டு என்றால் கூரியர்காரர் முதல் பால்காரர் வரை வந்துபோகும் இடம், அதைப் பொது இடம் என்று வாதிட முடியும். ஆனால் அதற்கு முன்பே சங்கத்தின் துணைவிதியில் தடையை எழுதி, பலகை மாட்டிவிடுங்கள். வழக்கு வரை போகாமலே பெரும்பாலும் முடிந்துவிடும்.