ஸ்டீம் கடையில் வேண்டாத கேம்களை ஒதுக்கும் பாடு: நம்ம பக்கத்து அனுபவங்கள்

பாலக்கோடு ராத்திரி ஆட்டம்

தருமபுரியில் காலேஜ், பாலக்கோட்டில் வீடு. கையில் இருப்பது பழைய லேப்டாப், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. நிதானமாக யோசித்து ஆடும் சின்ன கேம்கள்தான் எனக்குப் பிடிக்கும். புதிர், ஊர் கட்டுவது, முறை வைத்துக் காய் நகர்த்துவது, அந்த வகை. ஆனால் கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமைத் திறந்தால் முன்னால் வந்து நிற்பது வேறு. 100 ஜிபி கேட்கும் துப்பாக்கிச் சண்டை ஒன்று, பாதி கட்டி விட்டுப்போன சர்வைவல் கேம் ஒன்று, அரைகுறை உடையில் பெண் பொம்மைகள் நிற்கும் ஜிக்சா புதிர் ஒன்று.

அந்த ஜிக்சா திரையில் இருந்த நேரம் பார்த்துச் சித்தப்பா பின்னால் வந்து நின்றார். "இதுக்குத்தான் வீட்டுக்கு நெட்டு இழுத்தமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். புதிர் என்று தேடினாலே இதுதான் வருகிறது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

2024 இல் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் ஸ்டீமில் வந்திருக்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 50. இதில் நமக்கு வேண்டாததை நீங்களெல்லாம் எப்படி ஒதுக்குகிறீர்கள்? பட்டதைச் சொல்லுங்கள்.

ஓசூர் செகண்ட் ஷிஃப்ட்

தம்பி, முதலில் சித்தப்பா பிரச்சினையை முடித்துவிடலாம். வலது மேல் மூலையில் உன் பெயரைத் தட்டினால் ஸ்டோர் பிரிஃபரன்ஸஸ் என்று வரும். அதில் வன்முறைக்கும், நிர்வாணம் வகையறாவுக்கும் தனித்தனி டிக் இருக்கும். முழுக்க முழுக்க 'பெரியவர்களுக்கு மட்டும்' ரகம், நீயாக டிக் போட்டால் ஒழிய வராது. உன் ஜிக்சா அதற்கு ஒரு படி கீழே இருக்கும் ரகம். நிர்வாணம் வகையறா டிக்கை எடுத்துவிடு. பக்கத்திலேயே ஏர்லி ஆக்சஸ் கேம்களை, அதாவது செய்து முடிக்கும் முன்பே விற்பனைக்கு வருபவற்றை, காட்டாதே என்று சொல்லவும் வழி உண்டு. பாதி கட்டிய வீடுகள் அதோடு போகும்.

இவ்வளவு குவிந்ததற்கு ஒரு கதை இருக்கிறது. 2012 வரை ஒரு கேம் ஸ்டீமுக்குள் நுழைய வேண்டுமானால் ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனிக்காரர்களே பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அந்த வருடம் கிரீன்லைட் வந்தது. ஆடுகிறவர்கள் ஓட்டுப் போட்டு உள்ளே விட்டார்கள். 2017 ஜூனில் அதுவும் போய் ஸ்டீம் டைரக்ட் வந்தது. ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் கடையில் இடம் கிடைக்கும். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அந்த 100 டாலரும் திரும்ப வந்துவிடும். 2018 ஜூனில் வால்வ் இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: சட்டவிரோதமானதும் வேண்டுமென்றே வம்பு இழுப்பதும் தவிர மற்ற எல்லாவற்றையும் அனுமதிப்போம், பிடிக்காததை மறைத்துக்கொள்ளும் வசதியை உங்களுக்குத் தருவோம் என்று. ஆக, சல்லடை நம் கைக்கு வந்துவிட்டது. எனக்கு இதில் பாதிக் கோபம், பாதி சந்தோஷம். நான் மிகவும் ரசித்து ஆடிய சில சின்ன கேம்கள், பழைய முறையில் கதவைத் தட்டியிருந்தால் உள்ளேயே வந்திருக்காது.

யாரும் வாங்காத கேமை எதற்கு ஒருவன் வெளியிடுகிறான் என்று ரொம்ப நாள் எனக்கு விளங்கவில்லை. ஒரு காலத்தில் அதில் காசு டிரேடிங் கார்டு வழியாக வந்தது, அதாவது கேம் ஆடினால் கிடைக்கும் டிஜிட்டல் அட்டை. கேமைத் திறக்கும் கீயை, அதாவது குறியீட்டு எண்ணை, போலிக் கணக்குகளுக்குச் சும்மா கொடுப்பார்கள். அந்தக் கணக்குகள் கேமைத் திறந்து வைத்து 'ஆடும்'. கார்டு விழும். அதை மார்க்கெட்டில் விற்றால் கேம் செய்தவருக்கும் ஒரு பங்கு. 2017 மே மாதம் வால்வ் இதற்குக் கட்டை போட்டது. நிஜமான ஆட்கள் வாங்கி ஆடுகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் இப்போது கார்டு விழும். அப்படித் தெரியாத கேமின் பக்கத்தில், இதைப் பற்றி ஸ்டீம் இன்னும் அறிந்துகொண்டிருக்கிறது என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். நேற்று வந்த நல்ல கேமிலும் அந்த வரி இருக்கும், அதை வைத்து ஒதுக்காதே. ஆனால் வந்து பல வருடம் ஆகியும் அந்த வரி போகவில்லை என்றால் யோசி.

இப்போது என் அனுபவம். ஒரே பப்ளிஷர், பெயர் வேண்டாம், ஒரே புதிரைப் படம் மட்டும் மாற்றி மாற்றி வெளியிட்டுக்கொண்டே இருந்தார். பூனை, நாய்க்குட்டி, கிறிஸ்துமஸ் தாத்தா, அப்புறம் உன் சித்தப்பா பார்த்த ரகம். ஒவ்வொன்றிலும் போய், இது எனக்கு வேண்டாம் என்று சொல்லும் இக்னோர் பட்டனை அழுத்துவேன், அடுத்த வாரம் புதிதாக ஒன்று முளைக்கும். பிறகுதான் அந்தப் பப்ளிஷரின் சொந்தப் பக்கத்துக்குப் போனேன். அங்கே பல்சக்கரம் மாதிரி ஒரு குறி இருக்கிறது, அதில் அந்த ஆளையே மொத்தமாக இக்னோர் செய்யலாம். 2018 செப்டம்பரிலிருந்து இருக்கும் வசதி, ஒரு பயலும் சொல்லவில்லை. அழுத்தியதோடு அத்தனையும் காணாமல் போயின. வேறு பெயரில் திரும்ப வருவார்கள்தான். வந்தால் அந்தப் பெயருக்கும் அதே மரியாதை.

காவேரிப்பட்டணம் மாங்கொட்டை

அண்ணன் டேக் விஷயத்தைத் தொடவில்லை, நான் சொல்கிறேன். டேக் என்றால் கேம் என்ன வகை என்று ஒட்டும் சீட்டு. அதே பிரிஃபரன்ஸஸ் பக்கத்தில் 10 டேக் வரை விலக்கலாம். முன்பு 3 தான் இருந்தது, அண்ணன் சொன்ன அதே 2018 மாற்றத்தில் ஏற்றினார்கள். எல்லாரும் முதலில் ஓடுவது இங்கேதான். எனக்கு இதன்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பெங்களூரில் என்னோடு ரூமில் இருப்பவன் பொறுமை இல்லாத ஆள். பழைய காலத்துக் கட்டம் கட்டமான படம் என்றாலே அவனுக்கு ஆகாது. பிக்சல் கிராஃபிக்ஸ் டேக்கை விலக்கினான். இண்டி, அதாவது பெரிய கம்பெனி இல்லாமல் தனியாகச் செய்யும் கேம், என்றால் அரைகுறை என்று அவனுக்கு ஒரு எண்ணம், அதையும் தூக்கினான். ஒரு வாரம் பெருமையாகச் சுற்றினான், பக்கம் சுத்தமாகிவிட்டது என்று. அப்புறம் ஆபீசில் எல்லாரும் ஸ்டார்டியூ வேலி பற்றிப் பேசியிருக்கிறார்கள். விவசாயம் பண்ணுகிற கேம், 2016 இல் வந்தது, ஒரே ஆள் உட்கார்ந்து செய்தது. இவன் வந்து "அப்படி ஒண்ணு ஸ்டீம்ல இருக்கா என்ன?" என்று என்னிடம் கேட்கிறான். டெர்ராரியா என்கிற இன்னொரு கேமும் அவன் கண்ணில் பட்டதே இல்லை. இரண்டிலுமே பிக்சல் கிராஃபிக்ஸ் டேக் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மாமா மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். சீசனில் பழத்தைக் கையில் எடுத்து, காம்பைப் பார்த்து, அழுகலைத் தனியாகப் போடுவார்கள். கிளிமூக்கு என்று பெயர் கேட்டதுமே குவியலோடு தள்ளிவிட்டால் அந்த ஆளை மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். டேக்கை விலக்குவது அந்தக் குவியலைத் தள்ளுகிற வேலை.

இன்னொன்று, டேக் போடுவது பெரும்பாலும் ஆடுகிற பொதுமக்கள். ஒருவர் விளையாட்டாகப் போடுவார், நாலு பேர் ஒத்து ஊதுவார்கள். அதனால் எல்லை தெளிவாக இருக்கிற டேக்கை மட்டும் விலக்குங்கள். ஹென்டாய் (ஆபாசக் கார்ட்டூன்), பேட்டில் ராயல் (கடைசி ஆள் மிஞ்சும் வரை சண்டை) மாதிரி. இண்டி, கேஷுவல், 2டி போன்றவற்றைத் தொட்டால் பாதிக் கடை போய்விடும்.

சர்ச் செய்யும்போது முடிவுகளுக்கு மேலே பாருங்கள். உங்கள் விருப்பப்படி இத்தனை தலைப்புகள் விலக்கப்பட்டன என்று ஒரு வரி வரும். அந்த எண் பெரிதாக இருந்தால் ஏதோ ஒரு டேக் கூடுதலாக விழுங்குகிறது என்று அர்த்தம். என் ரூம்மேட் அந்த வரியை ஒருநாளும் படித்ததில்லை.

ஓசூர் செகண்ட் ஷிஃப்ட்

மாங்கொட்டை சொல்வது சரி. ஆனால் பேட்டில் ராயலுக்கு ஒன்று, ஆன்லைனில் மட்டும் ஆடுவதற்கு ஒன்று என்று நான் டேக்கைத்தான் விலக்கி வைத்திருக்கிறேன், நிம்மதியாக இருக்கிறேன். பத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று நினைப்பதுதான் தப்பு.

அரூர் டீச்சர்

லேப்டாப் கதை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, போன் கதை தெரியும். வீட்டில் பெண் மூன்றாவது படிக்கிறாள். ப்ளே ஸ்டோரில் செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரண்டல் கன்ட்ரோல்ஸ் என்று போய் ஒரு பின் நம்பர் வைத்து வயதை 3+ என்று கட்டிவிட்டேன். 3+, 7+, 12+, 16+, 18+ என்று ஐந்து படி இருக்கிறது. இனிக் கவலை இல்லை என்றார்கள் ஸ்டாஃப் ரூமில்.

அவள் இறக்கியது கேக் அலங்கரிக்கும் கேம். 3+ தான். ஒரு கேக் முடிந்தால் ஒரு வீடியோ விளம்பரம். மூடுகிற எக்ஸ் குறி கடுகு அளவுக்கு ஓரத்தில். குழந்தை விரல் அதில் படாது, விளம்பரத்தில்தான் படும், உடனே இன்னொரு கேமை இறக்கச் சொல்லி ப்ளே ஸ்டோர் திறக்கும். அதுவும் 3+. இப்படியே போனில் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. வயது முத்திரை சொல்வது அடிதடி, ஆபாசம், கெட்ட வார்த்தை பற்றி. விளம்பரம் பிடுங்கி எடுப்பதைப் பற்றி அது பேசவே பேசாது.

இப்போது கேமின் பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்கிறேன். விளம்பரம் உண்டு, உள்ளே வாங்கும் பொருள் உண்டு என்று அங்கேயே போட்டிருப்பார்கள். இரண்டும் இருந்தால் வேண்டாம் என்று விடுவது எங்கள் வீட்டுச் சட்டம். ப்ளே ஸ்டோரின் மாதச் சந்தாவான ப்ளே பாஸ் 2022 இல் இந்தியாவுக்கு வந்தது, வந்தபோது மாதம் 99 ரூபாய். அதில் இருக்கும் கேம்களில் விளம்பரமும் இல்லை, உள்ளே காசு கேட்பதும் இல்லை. காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு: நெட் இல்லாமலே ஓடும் கேமாக இருந்தால் ஏரோபிளேன் மோடில் போட்டுக் கொடுங்கள், நிறைய கேமில் விளம்பரம் வராது.

கிருஷ்ணகிரியில் என் அக்கா வேறு வழி எடுத்தாள். பையன் எட்டாவது, கம்ப்யூட்டரில் ஸ்டீம். 2024 செப்டம்பரில் ஸ்டீம் ஃபேமிலீஸ் என்று வந்ததே, ஆறு பேர் வரை ஒரே குடும்பமாகச் சேரலாம். பையனைக் குழந்தை கணக்காகச் சேர்த்து, எந்த கேம் ஆடலாம், எவ்வளவு நேரம் ஆடலாம் என்று அவளே வைத்துவிட்டாள். கடைப் பக்கத்தையே அவனுக்கு மூடிவிட்டாள். என்ன வேண்டுமோ வாயால் கேள், பார்த்து வாங்கித் தருகிறேன் என்கிறாள். நீங்கள் எல்லாரும் ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்குகிறீர்கள். பிள்ளைகள் விஷயத்தில் கடையையே மூடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தேன்கனிக்கோட்டை சிக்னல் இல்லை

நான் முகப்புப் பக்கத்தையே பார்ப்பதில்லை. நேராக சர்ச் பக்கம். ஏற்கெனவே வாங்கியதை மறை, இக்னோர் செய்ததை மறை, இலவச கேமை மறை, இந்த மூன்றுக்கும் அங்கே டிக் இருக்கிறது. விலையை ஸ்லைடரில் 300 ரூபாய்க்குக் கீழே இழுத்துவிட்டு, யூசர் ரிவியூ வரிசையில் அடுக்கச் சொல்வேன். போதும்.

எங்கள் ஊரில் பிரச்சினை காசு இல்லை, டேட்டா. ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடுகிறது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். செலவான டேட்டாவை யார் தருவது? அதனால் கேம் பக்கத்தில் அடியில் போட்டிருக்கும் ஸ்டோரேஜ் அளவுதான் எனக்கு முதல் சல்லடை. டெமோ, அதாவது இலவச மாதிரி ஆட்டம், இருந்தால் முதலில் அது. வருடத்துக்கு மூன்று முறை நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்கிற ஸ்டீமின் டெமோ விழா வரும்போது வேண்டிய டெமோக்களைக் குறித்து வைத்துக்கொண்டு, ஓசூரில் மச்சான் வீட்டு வைஃபையில் இறக்கிவிடுவேன். மச்சானுக்கு இன்னும் காரணம் தெரியாது, பாசத்தில் வருகிறேன் என்று நினைக்கிறார்.

ஓசூர் செகண்ட் ஷிஃப்ட்

உங்கள் மச்சான் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.

ராத்திரி ஆட்டம் தம்பிக்கு இன்னும் ஒன்று. இன்டராக்டிவ் ரெகமெண்டர் என்று ஒரு பக்கம் இருக்கிறது. 2019 இல் சோதனையாக விட்டார்கள், 2020 இல் நிரந்தரமாக்கினார்கள். டேக்கை வைத்து அல்ல, நீ எதை எவ்வளவு நேரம் ஆடினாய் என்பதை வைத்து, அதே மாதிரி ஆடுகிறவர்கள் வேறு என்ன ஆடுகிறார்கள் என்று பார்த்துக் காட்டும். அதில் ஒரு ஸ்லைடர் இருக்கிறது. பிரபலமானதிலிருந்து யாருக்கும் தெரியாதது பக்கம் இழுத்தால், முகப்பில் ஒருநாளும் வராத பொடி கேம்கள் வெளியே வரும். எனக்குப் பிடித்த ரயில் பாதை போடும் கேம் அங்கே கிடைத்ததுதான்.

இன்னொன்று: வேறு இடத்தில் ஏற்கெனவே ஆடி முடித்த நல்ல கேமுக்கு வெறும் இக்னோர் அழுத்தாதே. பக்கத்து அம்புக்குறியில் 'வேறு பிளாட்ஃபார்மில் ஆடியது' என்று தனியாக இருக்கிறது. வெறும் இக்னோர் என்றால் உனக்கு அது வேண்டாம் என்று ஸ்டீம் எடுத்துக்கொள்ளும்.

பாலக்கோடு ராத்திரி ஆட்டம்

நன்றி அண்ணா, டீச்சர், எல்லாருக்கும். நிர்வாண டிக்கை எடுத்தாச்சு, ஏர்லி ஆக்சஸ் போயாச்சு. டேக் இரண்டே இரண்டுதான் விலக்கினேன், மாங்கொட்டை பயமுறுத்தியதால். ஜிக்சா பப்ளிஷர் பக்கத்துக்குப் போனால் அறுபது சொச்சம் கேம் வைத்திருக்கிறார், மொத்தமாக இக்னோர். ஸ்லைடரை ஓரத்துக்கு இழுத்ததில் ஒரு தீவில் ஊர் கட்டும் கேம் வந்தது, 400 எம்பிதான், டெமோவும் இருக்கிறது.

ஒரு சந்தேகம். இதையெல்லாம் போன் ஆப்பில் மறுபடி செய்ய வேண்டுமா?

ஓசூர் செகண்ட் ஷிஃப்ட்

வேண்டாம் தம்பி, இதெல்லாம் அக்கவுன்ட்டோடு சேர்ந்தது. லாகின் செய்யாமல் பிரவுசரில் திறந்தால் மட்டும் பழையபடி எல்லாம் வந்து நிற்கும். டெமோ எப்படி என்று சொல், எனக்கும் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லை.