மறுமொழி: மரச்சட்டக வீடு – சொல் தேர்வு

அன்புள்ள நண்பர்களுக்கு,

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு நகரில் நான் பார்த்த பழைய வீட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். மரச்சட்டங்களைக் கோத்துக் கட்டும் அந்த வகை வீட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி. வந்தவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

> 'மரவீடு' போதாதா? ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

போதாது. ரஷ்யக் கிராமத்தில் உருட்டுக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியதும் மரவீடுதான். அங்கே சுவரே பாரம் தாங்குகிறது. நான் போன வீடு அப்படியில்லை. அங்கே தூண், உத்தரம், சாய்வுத் தாங்கி எல்லாம் ஒன்றோடொன்று கோத்து முதலில் ஒரு கூடாக நிற்கின்றன. கூரையின் எடை, மாடியின் எடை எல்லாம் அந்தக் கூட்டின் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. இடையில் இருக்கும் சுவர் சும்மா அடைப்பு. அதைப் பெயர்த்து எடுத்தாலும் வீடு நிற்கும். நமக்கு வேண்டிய சொல் இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

> 'அரைமர வீடு' என்று ஓரிடத்தில் பார்த்தேன்.

நானும் பார்த்தேன். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. படிப்பவர் பாதி மரம், பாதி செங்கல் என்றுதான் நினைப்பார். வேண்டாம்.

> 'சட்டக்கட்டு வீடு' – தொட்டிக்கட்டு, சுற்றுக்கட்டு போல. தச்சர்கள் 'சட்டம்' என்றுதான் சொல்கிறார்கள்.

காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் "வக்கீல் வீடா?" என்று கீழே ஒருவர் கேட்டுவிட்டார், இனி அதை மறக்க முடியாது. இன்னொன்று, தொட்டிக்கட்டில் வரும் கட்டு வீட்டின் ஒரு பகுதியைக் குறிப்பது. முதற்கட்டு, இரண்டாம் கட்டு என்பது போல. கட்டும் முறையைக் குறிக்கும் 'கட்டு' கொத்தனாரிடம் இருக்கிறது: செங்கல் கட்டு, கருங்கல் கட்டு. எனவே 'கட்டு' என்பதை அந்தப் பொருளில் வைத்துக்கொள்ளலாம். 'சட்டம்' மட்டும் ஒற்றை மரத்தையே காட்டுகிறது. பல சட்டங்கள் கோத்து ஒன்றானதற்குச் 'சட்டகம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

ஆக என் முன்மொழிவு: கட்டும் முறைக்கு மரச்சட்டகக் கட்டு, வீட்டுக்கு மரச்சட்டக வீடு.

> பேய் வீடு என்று எழுதியிருந்தீர்களே, அதைச் சொல்லாமல் இலக்கணம் பேசுகிறீர்கள்!

சொல்கிறேன். இதற்கும் சொல்லுக்கும் தொடர்பு உண்டு.

அந்த வீட்டின் பெயர் ஏன்ஷியன்ட் ஹை ஹவுஸ். டோரிங்டன் என்ற வணிகக் குடும்பம் 1595 வாக்கில் கட்டியது. நான்கு தளம், இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மரச்சட்டக நகர வீடுகளில் இதுதான் மிகப் பெரியது என்கிறார்கள். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கிய 1642இல் முதலாம் சார்லஸ் மன்னரும் அவர் அக்கா மகன் ரூபர்ட்டும் இங்கே தங்கினார்கள். தோட்டத்திலிருந்து ரூபர்ட் பக்கத்துத் தேவாலயத்தின் உச்சியில் காற்றின் திசை காட்டும் உலோகச் சேவலைச் சுட்டார், "குருட்டு அதிர்ஷ்டம்" என்று மன்னர் சொன்னதும் மறுபடி சுட்டுக் காட்டினார் என்று ஒரு கதை. மறு ஆண்டு ஊர் நாடாளுமன்றப் படையின் கைக்குப் போனதும், அரசர் பக்கத்து அதிகாரிகளை அடைத்து வைக்கும் சிறையானது இதே வீடு. மன்னர், கைதி, போர் மூன்றும் இருந்தால் பேய்க்கு என்ன குறை? பணம் கட்டி இரவில் பேய் பார்க்க வருகிறவர்களும் உண்டு.

நான் போனது பகலில். படிக்கட்டில் கால் வைத்தால் அந்தப் படி முனகுவது எங்கும் உள்ளதுதான். இங்கே நான் கடந்துபோன படி, இரண்டு மூன்று நொடி கழித்து, தானாக ஒரு 'டக்' போட்டது. பின்னால் யாரும் இல்லை. சரி, முதுகு சிலிர்த்தது உண்மைதான்.

காரணம் சட்டகம். அந்தக் காலத் தச்சர்கள் ஓக் மரத்தைக் காயவைத்துப் பயன்படுத்தவில்லை. காய்ந்த ஓக்கில் உளி இறங்காது. பச்சை மரத்திலேயே துளை குடைந்து, நாக்கு செதுக்கி, கோத்து, மர ஆணி அடித்தார்கள். மரம் கட்டடமாக நின்றபடியே காய்ந்தது. இழையின் நீளவாட்டில் மரம் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில்தான் அதிகம் சுருங்கும். மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏறத்தாழ அதில் பாதி. இந்த ஏற்றத்தாழ்வால் தூண் முறுக்கும், வெடிக்கும், தளம் சாயும், கதவு தானாகத் திறக்கும். இதெல்லாம் நடந்து முடிந்த பிறகும், மழைக்கு ஊறிப் பொருமுவதும் காய்ந்தால் இளைப்பதும் நிற்பதில்லை. எல்லாப் பாரமும் கோப்புகளின் வழியாக, அதாவது மரங்களைக் கோத்த மூட்டுகளின் வழியாகப் போவதால், ஒரு மூலையில் மரம் அசைந்தால் சத்தம் வேறொரு மூலையில் கேட்கும். வெறும் செங்கல் சுவராக இருந்தால் இவ்வளவு பேசாது. 'மரவீடு' என்று எழுதினால் இந்தக் காரணமே வாசகருக்குப் பிடிபடாது.

மரத்தில் இன்னொன்றும் பார்த்தேன். கோப்புகளின் அருகே உளியால் கீறிய ரோமன் எண்கள். சட்டகத்தைத் தரையில் ஒருமுறை பூட்டிப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, பிறகு தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ரோமன் எண்ணுக்குக் காரணம் எளிது: உளிக்கு நேர்க்கோடுதான் வரும். நான்கைப் பல தச்சர்கள் நான்கு கோடாகவே கீறுவார்கள். தலைகீழாகப் பார்த்தால் ஆறோடு குழம்பக் கூடாதே. இந்தக் குறிகளுக்குத் 'தச்சக்குறி' என்று எழுதியிருக்கிறேன்; யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

> சட்டங்களுக்கு இடையில் உள்ள குச்சி, மண் அடைப்புக்கு 'பின்னல் பூச்சுச் சுவர்' என்று வைக்கலாமா?

இதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை. வன்னியில் மண்வீடு கட்டினவர்களைக் கேளுங்கள், 'வரிச்சு' என்பார்கள். கம்புகளை நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டி, மண்ணைக் குழைத்து அப்புவது. இங்கிலாந்திலும் அதே வேலைதான்: ஹேசல் என்ற புதர்மரத்தின் குச்சி அல்லது பிளந்த ஓக், அதன்மேல் களிமண்ணும் வைக்கோலும் சாணமும், மேலே சுண்ணாம்பு. 'வரிச்சு மண்சுவர்' என்றே போட்டுவிடுவோம். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு மூன்று சொல்லை ஒட்டவைப்பது நம் குழுமத்தின் பழைய வியாதி.

ஜெர்மனியிலிருந்து எழுதிய நண்பருக்கு: இவ்வகைக் கட்டுக்கு அங்கே வழங்கும் 'ஃபாஹ்வெர்க்' என்ற சொல்லைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அவர்கள் சட்டங்களுக்கு இடையிலுள்ள கட்டத்தை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள், நாம் சட்டகத்தை வைத்து. எது தாங்குகிறதோ அதன் பெயர் இருப்பதையே நான் விரும்புவேன்.

அடுத்து, கீழ்த்தளத்தைவிடத் தெருப்பக்கம் முன்தள்ளிக் கட்டும் மாடிக்கு ஒரு சொல் வேண்டும். கட்டுரையில் இப்போதைக்கு 'முன்தள்ளு மாடி' என்று விட்டிருக்கிறேன். தச்சு வேலை தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.