கட்டுப் போட்டாப் பிறகு: மனசில இருந்து போகாத ஒண்டைச் சொல்லுங்கோ

இரவுக்கடமை:
முழங்கைக்கு மேல முறிஞ்ச பெடியன். ஏழு வயது, கொய்யாவால விழுந்தது. உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், விரிக்கத் தேவையில்லை. எலும்பை இழுத்து நேராக்கி, பின்பக்கம் சிலாப் (பாதிப் பிளாஸ்டர்) வைச்சு, பின்னேரம் வாட்டுக்கு வந்திட்டுது. இரவு பத்து மணிக்கு அழத் தொடங்கினது. பனடோல். பதினொண்டரைக்குத் திரும்ப அழுகை, திரும்ப மருந்து. "இடம் மாறிப் படுக்கிறான், அதுதான்" எண்டு தாய் சொல்ல எல்லாரும் அதையே பிடிச்சுக்கொண்டினம்.

மணிக்கட்டில நாடி இருந்தது. ஒட்சிசன் கிளிப்பில 98. விரல் சூடு. பிள்ளையின்ர நோய்க்குறிப்பு டிக்கெற்றில "நாடி நல்லம்" எண்டு மூண்டுதரம் எழுதிக் கிடக்கு. ஒரு மணியளவில சுருண்டு கிடந்த நடுவிரலை மெல்ல நிமித்திப் பாத்தது. அழுகை டக்கெண்டு நிண்டிட்டுது. வாய் திறந்தபடி, சத்தமே இல்லை. மூண்டு நாலு செக்கனுக்குப் பிறகுதான் கத்தல் வந்தது.

முன்கைத் தசை இறுக்கமான உறைக்குள்ள கிடக்கு, வீங்கினா உள்ளுக்கு அமுக்கம் ஏறும், விரலை நிமித்தினா உயிர் போற நோ. கீழ் இரத்த அமுக்கத்தில இருந்து அந்த உறைக்குள்ள இருக்கிற அமுக்கத்தைக் கழிச்சு 30க்குக் கீழ வந்தா தசைக்கு இரத்தம் போகாது. பெரிய நாடி அப்பவும் அடிச்சுக்கொண்டுதான் இருக்கும். அது நிண்டபிறகு ஓடிவந்து பிரயோசனமில்லை.

குடையிறது அதுகூட இல்லை. கட்டை வெட்டச் சொன்னாப் பிறகும் வெளிப் பண்டேச்சை மட்டும்தான் வெட்டினவை. உள்ளுக்குச் சுத்தின பஞ்சை விட்டிட்டினம். இரத்தம் ஊறிக் காய்ஞ்ச பஞ்சு கம்பி வளையம் மாதிரி நிக்கும். தோல் தெரியிறவரைக்கும் அதையும் வெட்டேக்க மூண்டு மணி. தசை தாங்கிறது ஆறு மணித்தியாலம் மட்டில. கணக்கை நீங்களே பாருங்கோ.

கட்டு அறை:
தங்கச்சி, பஞ்சு விசயம் சரி. முழங்கை எத்தினை பாகையில மடிஞ்சு கிடந்தது எண்டு எழுதேல்லையே? மடிச்சாத்தான் எலும்பு நிக்கும் எண்டு வீங்கின முழங்கையை 120 வரைக்கும் மடிச்சுக் கட்டுறவை இருக்கினம். அந்த மடிப்பே நாடியைச் சப்பிப்போடும். மடிக்காமல் நிக்காத எலும்புக்குக் கம்பிதான் மருந்து: வெளிப்பக்கத்தால ரெண்டு, தேவையெண்டா மூண்டு, மூண்டு நாலு கிழமையில இழுத்து எடுக்கலாம். பிறகு சிலாப்பை 90க்குக் குறைய வைச்சாலும் ஒண்டும் நழுவாது.

என்ர பங்குக்கு ஒண்டு. அறுபத்தெட்டு வயது அம்மா, கிணத்தடியில வழுக்கிக் கையை ஊண்டினவ. கொலிஸ் முறிவு, மணிக்கட்டடியில. எக்ஸ்ரேயில எலும்பு அச்சொட்டா வந்திட்டுது, எல்லாருக்கும் திருப்தி. ஆறு கிழமையால பிளாஸ்டரை வெட்டினா மணிக்கட்டு நல்லம், விரல் ஒண்டும் மடியாது. சோத்தைக் குழைச்சு வாய்க்குக் கொண்டுபோறா, அரைவாசி மடியில கொட்டுண்ணுது. பிளாஸ்டர் விரல் மொளியைத் தாண்டிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

கேக்காமலே சொல்லுறன், புதுசா வந்த பிள்ளையளுக்கு. உள்ளங்கையில விரலுக்குக் கிட்ட ஓடுற குறுக்கு ரேகைக்கு முன்னமே பிளாஸ்டர் முடியவேணும். நாலு விரலும் அடியில இருந்து 90 பாகை மடிஞ்சு, பெருவிரல் சின்னி விரலைத் தொட்டாத்தான் ஆளை அறையால வெளியில விடுறது. மணிக்கட்டைக் கீழ்ப்பக்கம் அதிகமா மடிச்சு வைச்சா நடு நரம்பு நெரிஞ்சு மூண்டு விரல் விறைக்கும். ரெண்டாம் நாள் "எறும்பு ஊருது" எண்டு சொன்னா ஆறுதல் சொல்லாதேங்கோ, கட்டை மாத்துங்கோ. பஞ்சு ரெண்டு படை, ஒவ்வொரு சுத்தும் முன்சுத்தில அரைவாசியை மூடவேணும், துருத்தின எலும்புக்கு மேலதிகமா ஒரு துண்டு. கூடினாலும் பிழை, வீக்கம் வத்தேக்க கட்டு லொடலொடக்கும், எலும்பு திரும்ப நழுவும். கைக்கு சிலாப் எட்டுப் பத்துப் படை, காலுக்குப் பன்னிரண்டு பதினைஞ்சு. தண்ணி பச்சைத்தண்ணி. கெதியா இறுகட்டும் எண்டு சுடுதண்ணியில நனைக்கிறவையின்ர கையில வாளியைக் குடுக்கக்கூடாது: பிளாஸ்டர் இறுகேக்க தானாவே சூடு விடும், தண்ணிச் சூடும் படைத் தடிப்பும் சேர, கீழ தலையணையும் வைச்சா தோல் வெந்து கொப்பளிக்கும். ஈரப் பிளாஸ்டரை உள்ளங்கையால தாங்குங்கோ, விரல் நுனியால இல்லை. விரல் பதிஞ்ச பள்ளம் உள்ளுக்கு மேடு, பத்து நாளில அதுக்குக் கீழ புண். கட்டுக்குள்ள ஒரே இடத்தில எரியுது எண்டு ஆள் சொன்னா நம்புங்கோ. நாலு நாளில எரிவு நிண்டிடும். தோல் செத்ததால நிக்கிறது அது, சுகம் வந்து இல்லை.

சின்னக்கடை:
இதுகளில பாதி, பரம்பரை வைத்தியரிட்டப் புக்கை (மருந்து பூசின கட்டு) கட்டிப்போட்டு வாறவைக்கு நடக்கிறது. முன்கால் எலும்பு தோலைக் கிழிச்ச பெடியன், மோட்டர்சைக்கிள். காயத்துக்கு மேலயே மருந்து பூசி, சிலாகை வைச்சு இறுக்கிக் கட்டி ஆறாம் நாள் கொண்டுவந்தவை. கட்டை அவிழ்க்க முதலே மணம் வாசலுக்கு வந்திட்டுது. சீலையோட சேர்ந்து தோலும் உரிஞ்சு வந்தது.

முள்முருக்கு:
சின்னக்கடை அண்ணை, மேல உள்ள ரெண்டு கதையும் ஆஸ்பத்திரிக் கட்டு. வாசிச்சனீங்களோ? இறுக்கத்துக்குப் பட்டம் படிச்சவர், பரம்பரை வைத்தியர் எண்ட வித்தியாசம் தெரியாது.

புக்கையில சுகம் வந்தது எண்டு சொல்லுறவையும் பொய் சொல்லேல்லை. காறையெலும்பு ஒரு சீலைத் தூக்கில போட்டாலே பெரும்பாலும் பொருந்தும். விலாவும் அப்பிடித்தான். சிக்கல் எங்கையெண்டா, இந்த முறிவைக் கட்டலாம், இதைத் தொடக்கூடாது எண்டு பிரிக்கிற இடத்தில. நீங்கள் சொன்ன பெடியனுக்குப் பிழைச்சது புக்கை எண்டதால இல்லை, திறந்த முறிவை மூடிக் கட்டினதால. எலும்பு முறிஞ்ச இடத்தில அரிசியளவு ஓட்டையால இரத்தம் கசிஞ்சு, அதில எண்ணெய்ப் பொட்டு மிதந்தாலும் அது திறந்த முறிவுதான், எலும்புக்குள்ள இருக்கிற மச்சை வெளிய வருது. சேலைன் நனைச்ச துணியால மூடி, காலைத் தாங்கி வைச்சு அனுப்பவேணும். எலும்பை உள்ளுக்குத் தள்ளுறதில்லை. அன்ரிபயோற்றிக் ஊசி முதல் ஒரு மணித்தியாலத்துக்குள்ள, ஏற்பூசி, பிறகு தியேட்டரில லீட்டர் கணக்கில கழுவல்: சின்னக் காயத்துக்கு மூண்டு, பெரிசுக்கு ஆறு ஒன்பது. செத்த தசையை வெட்டாமல் கழுவிறது மட்டும் பிரயோசனமில்லை. நுள்ளினாத் துடிக்காத, வெட்டினா இரத்தம் வராத தசை எல்லாம் போகவேணும். இதில கஞ்சத்தனம் பாத்த முறிவுகள்தான் ரெண்டு வருசமாகியும் ஓட்டையால சீழ் வடிச்சுக்கொண்டு கிளினிக்குக்கு வருகுது.

தளைநார்:
கள்ளுச் சீவல்காரர், நாப்பது சொச்சம். பனையால இறங்கேக்க சறுக்கி ரெண்டு குதியும் நிலத்தில. ஓட்டோவில இருத்தி, ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சுக் கொண்டுவந்தவை. எக்ஸ்ரே குதிக்கு மட்டும். குதியெலும்பின்ர மேல்கோணம் 20க்கும் 40க்கும் இடையில நிக்கவேணும், இவருக்கு இடப்பக்கம் பூச்சியம். எல்லாற்ற கண்ணும் அதிலதான். "முதுகு நோகுதோ?" எண்டு கேட்டதுக்கு "இல்லை ஐயா, குதிதான் உயிர் போகுது" எண்டார்.

அடுத்தநாள் காலமை சலம் போகேல்லை. அடிவயிறு பானை மாதிரி. ரியூப் போட, பை நிறைஞ்சு வழியப்போகுது, அவர் சிரிச்சுக்கொண்டு படுத்திருக்கிறார், ஒண்டும் தெரியேல்லை. அப்பதான் ஆசனவாயைச் சுத்தி ஊசிநுனியால தொட்டது. உணர்ச்சி இல்லை. இடுப்பு முதலாம் முள்ளெலும்பு நொருங்கிப் பின்னுக்குத் தள்ளி நரம்பை அமத்திக்கொண்டு நிண்டது.

கால் ஊண்டி விழுந்து குதி முறிஞ்சவரில பத்துக்கு ஒருத்தருக்கு முள்ளந்தண்டும் சேதம். விசை குதியில தொடங்கி கணுக்கால், முழங்கால், இடுப்பு, முள்ளந்தண்டு எண்டு ஏறும், பாக்கிறவரும் அதே வழியால ஏறவேணும். பெரிய நோ சின்ன நோவை மறைக்கும், ஆளின்ர சொல்லை மட்டும் நம்ப ஏலாது. நாலு பேர் சேர்ந்து மரக்குத்தி புரட்டிற மாதிரி ஒரே தரத்தில புரட்டி, முள்ளெலும்பு ஒவ்வொண்டையும் தட்டிப் பாக்கிறது. பனையடியில நிக்கிறவைக்கு: தூக்கி இருத்தாதேங்கோ, 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

பிள்ளை வாட்:
முறிவு இல்லாத ஒண்டு சொல்லலாமோ? பதினாலு மாதப் பிள்ளை, நடக்கத் தொடங்கி ஒரு மாதம். ரெண்டு நாள் காய்ச்சல், நிக்கமாட்டன் எண்டுது. சுளுக்கு எண்டு எண்ணெய் போட்டு உருவினவை. பிறகு ஒரு இடத்தில எக்ஸ்ரே எடுத்து, முறிவில்லை எண்டு பாணி மருந்தோட அனுப்பியாச்சு. எங்களிட்ட வரேக்க நாலாம் நாள்.

கட்டிலில பிள்ளை அசையாமல் கிடக்குது, இடக்கால் மட்டும் தவளைக்கால் மாதிரி மடிஞ்சு வெளிப்பக்கம் விழுந்திருக்கு. அழுகை இல்லை. கண் மட்டும் தாயின்ர கையோடயே போகுது. பம்பேர்ஸ் மாத்த அந்தக் கை கிட்ட வரேக்கதான் உடம்பு முழுக்க நடுங்கத் தொடங்கினது.

இடுப்பு மூட்டுக்குள்ள சீழ். அப்பிடி மடிச்சு வைச்சாத்தான் மூட்டுப் பைக்குள்ள இடம் கூட, நோக் குறைய. பிள்ளை தானாவே கண்டுபிடிச்ச வழி. எக்ஸ்ரேயில எலும்புக் கிருமி தெரியப் பத்துப் பதினாலு நாள் செல்லும், வடிவான எக்ஸ்ரேக்கு அர்த்தமே இல்லை. கோக்கர் எண்ட டொக்டர் 1999இல சொன்ன நாலையும் பாருங்கோ: 38.5க்கு மேல காய்ச்சல், கால் ஊண்டாமை, ஈஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டுற இரத்தச் சோதனை) 40க்கு மேல, வெள்ளணு 12,000க்கு மேல. நாலும் சேர்ந்தா ஸ்கானுக்கு வரிசையில நிக்கவேண்டாம், தியேட்டரைக் கேளுங்கோ. பிள்ளை தளரேல்லையெண்டா இரத்தக் கல்ச்சரும் (கிருமியை வளத்துப் பாக்கிறது) மூட்டுத் தண்ணியும் எடுத்தபிறகு அன்ரிபயோற்றிக். முன்னமே ரெண்டு டோஸ் வாயால குடுத்துவிட்டா கல்ச்சரில ஒண்டும் முளைக்காது, காய்ச்சல் மட்டும் விடும், குருத்தெலும்பு அரிச்சுக்கொண்டே போகும். இடுப்பைத் தையிலம் போட்டு உருவிறதைப் பற்றி எழுத வெளிக்கிட்டா நான் நிப்பாட்டமாட்டன்.

சின்னக்கடை:
உங்கட நீளத்துக்கு என்ர நாலு வரியே நல்லம்.

சப்பாத்துக்கம்பி:
கட்டு இறுகினதைப் பற்றியே எல்லாரும். கழட்டினதால போனதும் இருக்கு. பிறக்கேக்கயே பாதம் உள்ளுக்குத் திரும்பின குழந்தை, பொன்செட்டி முறையில ஆறு பிளாஸ்டர், குதிநார் வெட்டி மூண்டு கிழமைக் கடைசிப் பிளாஸ்டர், பாதம் அச்சு மாதிரி நேர். சப்பாத்தும் குறுக்குக் கம்பியும் குடுத்து அனுப்பினது. நல்லூர்க் கொடியேறின அண்டைக்குக் கழட்டினவை, சனத்துக்குள்ள தூக்கிக்கொண்டு போக ஏலாதெண்டு. பிறகு பிள்ளை விடுகுதில்லை. தேர் முடிஞ்சு ரெண்டு கிழமையால கொண்டுவர, சப்பாத்தின்ர பின் ஓட்டையால குதியைத் தேடினா குதி இல்லை, மேல ஏறி நிக்குது.

முதல் மூண்டு மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம். பிறகு நாலு வயது மட்டும் நித்திரைக்கு. வளைஞ்ச பாதம் 60, 70 பாகை வெளிப்பக்கம், நல்ல பாதம் 30, 40. கம்பி தோள் அகலம். கட்டையாப் போனா பிள்ளை உதைச்சுக் கழட்டும். முதல் ரெண்டு நாள் அழும், ரெண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாடக் காட்டிக் குடுத்தா அடங்கும். நடுப்பட்டியை முதல் இறுக்குங்கோ, குதி கீழ இருந்தா ஓட்டையால தெரியும், பிறகுதான் நாடா. கழட்டேக்க தோல் சிவந்து கொஞ்சத்தில மாறினாப் பரவாயில்லை. குதியில மட்டும் கடும் சிவப்பெண்டா சப்பாத்து லூசு, இறுக்கவேணும். சனம் நேர்மாறா நினைச்சு இன்னும் இளக்கிவிடுகுது.

இரவுக்கடமை:
கட்டு அறை அண்ணைக்கு: 90க்குக் கொஞ்சம் மேல. டிக்கெற்றில இல்லை, எக்ஸ்ரேயில அளந்தது. தியேட்டரில உறையைக் கீறித் திறக்கேக்க நாலு மணி. உள்பக்க ஆழத் தசை சாம்பல் நிறம், நுள்ளினாத் துடிக்கேல்லை.

நாலு மாதத்துக்குப் பிறகு கிளினிக்குக்குத் தாய் கூட்டிக்கொண்டு வந்தவ. "இப்ப விரல் விரியுது, பாருங்கோ" எண்டா. மணிக்கட்டை உள்ளுக்கு மடிச்சா விரல் விரியுது. நிமித்தினா அஞ்சும் உள்ளங்கைக்குள்ள போகுது. சுருங்கின தசை அப்பிடித்தான் இழுக்கும், அதுக்கு வொல்க்மன் எண்டு பேர் இருக்கு. பெடியன் அதையே பழகிப்போட்டான்: மணிக்கட்டை மடிச்சு விரலை விரிச்சுப் பென்சிலை வாங்கினான், மணிக்கட்டை நிமித்தினான், விரல் தானாப் பூட்டிச்சுது, பேரை எழுதிக் காட்டினான்.

தாய் எங்களைப் பாத்து, "கெட்டிக்காரன், என்ன?" எண்டா.