மகளின் லைசென்ஸ் ரத்தாகாமல் இருக்க வழி உண்டா? (லண்டன்)

வணக்கம். 30 மைல் வரம்புள்ள சாலையில் மகள் 37-ல் போனது கேமராவில் பதிவாகி, போலீஸ் கடிதம் வந்திருக்கிறது. ஓட்டியவர் யாரென்று 28 நாளுக்குள் பதில் போட வேண்டும். அதை உடனே போட்டுவிடுவோம்.

சிக்கல் வேறு. லைசென்ஸ் எடுத்து இன்னும் 2 வருடம் ஆகவில்லை. சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு லைசென்ஸில் ஏற்கெனவே 3 தண்டனைப் புள்ளி இருக்கிறது. இதற்கும் 100 பவுண்ட் அபராதத்தோடு 3 புள்ளி விழுந்தால், அந்த 2 வருடத்துக்குள் மொத்தம் 6 ஆகி லைசென்ஸே ரத்து. அப்புறம் எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். வீடு வீடாகப் போய் முதியோரைக் கவனிக்கும் வேலை அவளுக்கு. கார் இல்லாமல் நடக்காது.

வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போனால் புள்ளி விழாது. ஏற்கெனவே புள்ளி இருந்தும் வகுப்பு கிடைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போலீஸுக்குப் போடும் பதிலில் வேலை விவரத்தையும் சேர்த்து எழுதலாமா? இப்போதே வக்கீலைப் பார்க்க வேண்டுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.